டிக்கட்டின் அடக்க விலை

சென்ற வாரம் லுஹருக்குப் பிறகு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கையில் ஒரு கடதாசியோடு வந்து உட்கார்ந்தார். "நானா, மகள் குடும்பத்தோட டொரண்டோவிலிருந்து நோன்புப் பெருநாளைக்கு வரப்போறாள். மருமகன் இன்டர்நெட்டில தேடி ஆகக் குறைஞ்ச டிக்கட்டைப் பிடிச்சிட்டார். டொரண்டோவிலிருந்து லண்டனுக்கு ஒரு டிக்கட், லண்டனிலிருந்து கொழும்புக்கு வேறொரு டிக்கட். ஆளுக்கு இருநூறு டொலருக்கு மேல மிச்சம்" என்றார்.

"காசு கட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை நானா, நாளைக்குத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்படியென்றால் இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்க" என்றேன்.

அவருக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். 1990 ஒக்டோபரில் உப்புக்குளத்தை விட்டுக் கடல் வழியாகக் கல்பிட்டிக்குப் போன குடும்பங்களில், பிள்ளைகள் ஒரே ஊரில் இருக்கும் குடும்பம் இன்று எத்தனை? ஒருவர் புத்தளத்தில், ஒருவர் லண்டனில், ஒருவர் கனடாவில் என்றுதான் பல வீடுகளின் நிலை. ஆகவே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமான டிக்கட்டின் விலை நமக்கும் வீட்டுச் செலவுக் கணக்காகிவிட்டது. சீனி, பருப்பு வாங்கும்போது நாம் காட்டும் கவனத்தில் பாதியையாவது இதில் காட்ட வேண்டும்.

நான் கொடுத்த பிழையான ஆலோசனை

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17, திங்கட்கிழமை வந்தது. டொரண்டோவில் இருக்கும் என் ராத்தாவின் மகன், மனைவி பிள்ளைகளோடு அந்தப் பெருநாளுக்கு வருவதாக இருந்தார். ஜூலை பிறந்தால் அங்கே பாடசாலை லீவு, டிக்கட் விலை ஏறிவிடும் என்று பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் முன்பே லீவு எடுத்தார்கள். அதுவரை சரி.

அவரிடம் இரண்டு விலைகள் இருந்தன. அங்குள்ள பயண முகவர் ஒருவர், வளைகுடா வழியாகக் கொழும்பு வரை ஒரே டிக்கட்டாகப் போய்வர ஆளுக்கு 1,900 கனடிய டொலர் கேட்டார். இவர் தானே தேடி, லண்டன் வழியாக இரண்டு தனித்தனி டிக்கட்டுகளை மொத்தம் 1,660 டொலருக்குக் கண்டுபிடித்தார். "மாமா, எதை எடுக்கட்டும்?" என்று என்னிடம் கேட்டார். முப்பது வருடம் வியாபாரம் செய்தவன் என்ற எண்ணத்தில், "ஆளுக்கு இருநூற்று நாற்பது டொலரைச் சும்மா கொடுக்க உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். நாலு பேருக்கு 960 டொலர் மிச்சம். நானே மெச்சினேன்.

டொரண்டோவில் விமானம் ஐந்து மணி நேரம் பிந்தியது. லண்டனில் அவர்கள் வைத்திருந்த இடைவெளி நாலு மணி நேரம். அவர்கள் இறங்கும்போது கொழும்பு விமானம் போய்விட்டது. இரண்டாவது கொம்பனியிடம் போனால், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, உங்கள் டிக்கட் முடிந்துவிட்டது" என்றார்கள். முதல் கொம்பனியிடம் போனால், "உங்களை லண்டனில் இறக்குவதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது, தாமதத்துக்குக் காலநிலைதான் காரணம்" என்றார்கள். சட்டப்படி இருவர் சொன்னதும் சரியே. அதைவிடப் பெரிய அடி என்னவென்றால், போகும் விமானத்தைத் தவறவிட்டதால் அதே டிக்கட்டிலிருந்த திரும்பி வரும் பயணமும் ரத்தாகிவிட்டது. இந்த விதி பெரும்பாலான கொம்பனிகளில் உண்டு. எனக்கு அது தெரியாது.

பெருநாள் வாரம். நாலு ஆசனம் சேர்ந்து கிடைக்கவில்லை. கடைசியில் புதிய டிக்கட்டுகளுக்கு 4,400 டொலர், லண்டனில் மூன்று இரவு ஹோட்டலுக்கு 600 டொலர், முதல் டிக்கட்டில் பெட்டிக்கு இடமில்லாததால் நாலு பெட்டிக்குத் தனியாக 300 டொலர் என்று மொத்தம் 5,300 டொலர் போனது. 960ஐ மிச்சம் பிடிக்கப் போய் இந்த நட்டம். இங்கிருந்து கட்டுநாயக்காவுக்குப் போன வானும் வெறுமனே திரும்பி வந்தது. அது நீண்ட பாதை.

காசை விடுவோம். உம்மா அந்தப் பெருநாளுக்கு ஒரு வருடமாகக் காத்திருந்தார். 1990க்குப் பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் எல்லோரும் சொந்த வீட்டில் சஹனைச் சுற்றி உட்காரும் முதல் பெருநாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் வந்து சேர்ந்தது செவ்வாய் இரவு. பெருநாள் முடிந்துவிட்டது. அந்த வருடக் கடைசியில் உம்மா வபாத்தானார். அதுதான் அவருடைய கடைசிப் பெருநாள். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடக்க விலை பார்க்காத வியாபாரி உண்டா?

கொழும்பில் ஒரு மூடை சாமானை வாங்கும்போது அங்கே சொல்லும் விலையை நாம் விலையாக எடுப்பதில்லை. லொறிக் கூலி, ஏற்று கூலி, இறக்கு கூலி, வழியில் சேதம், கடனுக்கு எடுத்தால் அதன் பாரம் எல்லாம் சேர்த்து மன்னார் வந்து சேரும் அடக்க விலையைத்தான் பார்க்கிறோம். டிக்கட் வாங்கும்போது மட்டும் கணனித் திரையில் முதலில் தெரியும் இலக்கத்தை நம்பிவிடுகிறோம். அந்த இலக்கம் அடக்க விலையல்ல.

டிக்கட்டின் அடக்க விலையில் என்னென்ன சேர வேண்டும்? முதலாவது, பெட்டி. அத்திலாந்திக்கைக் கடக்கும் பல கொம்பனிகளின் ஆகக் குறைந்த கட்டணத்தில் கைப்பைக்கு மட்டுமே இடம். நம்மவர்கள் வரும்போது பால்மா, சொக்லட், உடுப்பு கொண்டு வருவார்கள். போகும்போது கருவாடும் பனாட்டும் கொண்டு போவார்கள். 23 கிலோப் பெட்டி இல்லாத டிக்கட் நமக்கு அரை டிக்கட்தான்.

இரண்டாவது, வரி. பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணிக்கு அங்கே விமானப் பயணத் தீர்வை உண்டு. 1994இல் தொடங்கிய இந்த வரி, நீண்ட தூரச் சாதாரண ஆசனத்துக்கு 2025 ஏப்ரலில் ஏறக்குறைய 90 பவுண் அளவுக்கு வந்தது. ஒரே டிக்கட்டில் 24 மணி நேரத்துக்குள் லண்டனில் விமானம் மாறிப் போகிறவருக்கு இந்த வரி இல்லை. இரண்டு தனி டிக்கட் எடுத்தவருக்கு உண்டு. அவர் லண்டனில் புதிதாகப் பயணம் தொடங்குபவராகவே கணிக்கப்படுகிறார். மலிவு என்று நினைத்து வாங்கும் டிக்கட்டுக்குள் இந்த வரியும் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, விசா. தனி டிக்கட் என்றால் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க விமான நிலையத்தின் உள் எல்லையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகும் நம் உம்மாமார், ராத்தாமாருக்கு அதற்கு அந்த நாட்டின் விசா தேவைப்படும். கனடாப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் 2025 ஜனவரி 8 முதல் பிரித்தானியாவுக்குள் நுழைய இலத்திரனியல் பயண அனுமதி வேண்டும். சமுத்திரத்துக்கு அப்பால் பிள்ளை டிக்கட் எடுக்கும்போது, பயணம் போகிறவரின் கையிலுள்ள பாஸ்போர்ட் எது என்று பார்த்தே பாதையைத் தெரிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் விமானம் மாறுவதற்கே விசா கேட்கப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு.

நான்காவது, தவறினால் வரும் நட்டம். இதைத்தான் நாங்கள் எழுத மறந்தோம்.

மீன் ஏலமும் விமான ஆசனமும்

விமானக் கொம்பனி விலை போடும் விதம் கரையில் மீன் விற்பவருக்குப் பாதி விளங்கும், பாதி விளங்காது. பறந்துவிட்ட விமானத்தின் வெற்று ஆசனம், விற்காமல் கெட்டுப்போன மீனுக்குச் சமம். இனி அதை விற்க முடியாது. ஆனால் கரையில் நேரம் போகப்போக மீன் விலை இறங்கும். விமானத்தில் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். காரணம், கடைசி நேரத்தில் வருபவர் போயே ஆக வேண்டியவர் என்று கொம்பனிக்குத் தெரியும். வியாபாரக் கூட்டம், மரணம், பெருநாள் என்று அவருக்கு ஏதோ ஓர் அவசரம் இருக்கும். அவர் பேரம் பேசமாட்டார்.

இந்த வித்தையை 1985இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் கொம்பனி பெரிய அளவில் நடத்திக் காட்டியது. முன்கூட்டியே வாங்குபவருக்கு மிகக் குறைந்த விலை, பிந்தி வருபவருக்கு முழு விலை என்று ஒரே விமானத்தின் ஆசனங்களைப் பங்கு பிரித்து விற்றார்கள். இன்று எல்லாக் கொம்பனியும் அப்படித்தான். ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருப்பார்கள். மலிவுப் பங்கு முடிந்ததும் அடுத்த பங்கு திறக்கும்.

இதிலிருந்து குடும்பஸ்தர்களுக்கு ஒரு பயன் உண்டு. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது, மலிவுப் பங்கில் இரண்டு ஆசனம் மட்டுமே மிஞ்சியிருந்தால், பெரும்பாலும் நாலு பேருக்கும் மேல் விலையையே கணனி காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்கு என்று தேடிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டாகப் பிரித்து வாங்கலாம். ஆனால் ஒரே விமானங்கள், ஒரே பாதையாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடுச்சாமத்தில் வாங்கினால் மலிவு என்று ஒரு கதை உலாவுகிறது. வாங்கும் கிழமையை நம்பி இருக்க வேண்டாம். பயணம் போகும் கிழமையை மாற்றிப் பாருங்கள். வெள்ளி, ஞாயிறுக்குப் பதிலாக வாரத்தின் நடுநாட்களில் புறப்பட்டால் பெரும்பாலும் விலை குறையும்.

பெருநாள் பின்னோக்கி நகர்கிறது

நம் சமூகத்துக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. அத்திலாந்திக்கில் விலை உச்சத்தில் இருப்பது ஜூலை, ஆகஸ்ட் லீவிலும் நத்தார் காலத்திலும்தான். நம் பெருநாளோ ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வருகிறது. 2013இலும் 2014இலும் நோன்புப் பெருநாள் அந்தக் கோடைக் கூட்டத்தின் நடுவில் வந்தது. 2000இல் நத்தாரோடு ஒட்டி வந்தது. 2026 முதல் 2029 வரை அது மார்ச் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதிக்கு நகர்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளும் மே மாதத்துக்கும் பிறகு ஏப்ரலுக்கும் போகிறது. மற்றவர்கள் பயணம் செய்யாத காலத்தில் நமக்குப் பெருநாள் வரும் வருடங்கள் இவை. இதைப் பயன்படுத்தாதவர் வியாபாரியல்ல.

ஆனால் மூன்று எச்சரிக்கை. மார்ச் நடுவில் ஒன்டாரியோப் பாடசாலைகளுக்கு ஒரு வார லீவு, அந்த வாரத்தைத் தவிருங்கள். வளைகுடா வழியாக வந்தால், அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளும் அதே பெருநாளுக்கு ஊர் வருவார்கள். சமுத்திரம் கடக்கும் பாதி மலிவாகவும், டோஹாவிலிருந்தோ துபாயிலிருந்தோ கொழும்புக்கு வரும் மற்றப் பாதி நெருக்கமாகவும் இருக்கும். எனவே மூன்று நான்கு மாதம் முன்பே வாங்க வேண்டும். மூன்றாவது, பெப்ரவரி, மார்ச் என்றால் டொரண்டோவில் பனி. விமானம் பிந்துவது சாதாரணம். விலை குறைந்த அதே காலத்தில்தான் தனித்தனி டிக்கட்டின் ஆபத்தும் கூடுகிறது.

மலிவு விற்றவர்களின் கதை

மலிவுக்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது. 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் என்பவர் லண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு 59 பவுணுக்கு ஆசனம் விற்கத் தொடங்கினார். முன்பதிவு இல்லை, வரிசையில் நின்று வாங்க வேண்டும். சாதாரண மக்களும் அத்திலாந்திக்கைக் கடக்க வழி திறந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய கொம்பனிகள் விலையை வெட்டின, அவருக்கோ டொலர் கடன் ஏறியது. 1982 பெப்ரவரியில் கொம்பனி மூடப்பட்டு, பயணிகள் சமுத்திரத்தின் இரு கரையிலும் தவித்தார்கள். 2019 மார்ச் 28இல் ஐஸ்லாந்தின் வாவ் எயார் கொம்பனியும் அப்படியே ஒரே நாளில் நின்றுபோனது. மலிவாக விற்பவரெல்லாம் மோசக்காரர் என்பதல்ல இதன் பொருள். கடனுக்குச் சாமான் கொடுக்குமுன் ஆளின் கைபலத்தைப் பார்க்கிறோம் அல்லவா? நாலு மாதத்துக்கு முன் காசு கட்டுவதும் கொம்பனிக்கு நாம் கொடுக்கும் கடன்தான். அதையும் பார்த்தே கட்ட வேண்டும்.

தலைமன்னார்ப் பிட்டியில் கற்ற பாடம்

ஒரே டிக்கட்டின் அருமை மன்னாரில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல. 1914இல் தொடங்கிய போட் மெயிலில் கொழும்புக் கோட்டையில் ஒரு டிக்கட் வாங்கினால் போதும். தலைமன்னார் வரை ரயில், தனுஷ்கோடி வரை கப்பல், அங்கிருந்து சென்னை வரை மீண்டும் ரயில், எல்லாம் அந்த ஒரே டிக்கட்டுக்குள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அது நடந்தது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடி, எண்பதுகளின் நடுவில் நின்றது. சரக்கெடுக்க இந்தியா போய்வந்த வாப்பா அதைச் சொல்லும்போது, "டிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்" என்பார். ரயிலும் கப்பலும் ரயிலும் சேர்ந்த பயணத்துக்கு நூறு வருடத்துக்கு முன் விளங்கிய விடயம் விமானத்தில் போகும் எனக்கு விளங்கவில்லை.

ஒரே டிக்கட்டில் முதல் விமானம் பிந்தி, அடுத்தது தவறினால், உங்களை ஊர் கொண்டு சேர்ப்பது கொம்பனியின் பொறுப்பு. காலநிலை காரணமென்றாலும் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டும். கனடாவில் 2019 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, கொம்பனியின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த, பாதுகாப்புச் சம்பந்தமில்லாத காரணத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்தால், பெரிய கொம்பனிகள் ஆளுக்கு 1,000 டொலர் நட்டஈடும் கொடுக்க வேண்டும்.

இணையத்தளத்தில் ஒரே பக்கத்தில் காட்டுவதால் மட்டும் அது ஒரே டிக்கட் ஆகிவிடாது. 'செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்' என்று சிறு எழுத்தில் போட்டிருந்தால் அது தனித்தனி டிக்கட். பெட்டியைக் கொழும்பு வரை அனுப்புவார்களா, ஒரு விமானம் தவறினால் அடுத்ததுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் காசு கட்ட வேண்டாம்.

முகவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் கொம்பனி கொடுத்த கமிஷனில் முகவர் வாழ்ந்தார். 1995இல் அமெரிக்காவில் டெல்டா கொம்பனி அதற்கு உச்சவரம்பு போட்டது, 2002இல் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தியது, மற்றவையும் பின்தொடர்ந்தன. இன்று சேவைக் கட்டணம் கேட்கும் முகவரைக் கொள்ளைக்காரர் என்று பேசுவது முறையல்ல. நள்ளிரவில் விமானம் தவறினால் தொலைபேசி எடுக்கும் முகவருக்கு ஐம்பது டொலர் கொடுப்பது நியாயம். எடுக்காதவருக்கு ஐந்து டொலரும் அதிகம். விலை விசாரிக்குமுன் அதை விசாரியுங்கள்.

தனி டிக்கட் ஒருபோதும் கூடாது என்று நான் சொல்லவில்லை. தனி ஆள், கைப்பை மட்டும், லண்டனில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கல், விசாத் தொல்லை இல்லாத பாஸ்போர்ட், குறித்த நாளில் சேர வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியானவர் தாராளமாக எடுக்கலாம், மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் பிள்ளை குட்டிகளோடு பெருநாளைக்கு வருகிறவர் அந்த வகையில் சேரமாட்டார். அவர் வாங்குவது ஆசனத்தை மட்டுமல்ல, ஒரு நாளையும்தான். அந்த நாள் போனால் எந்தக் கொம்பனியும் திருப்பித் தராது.

இரும்புக் கடைத் தம்பி தேத்தண்ணி ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் கடைக் கடதாசியிலேயே பெட்டி, வரி, வான் கூலி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினார். இருநூறு டொலர் மிச்சம் எழுபதாகக் குறைந்தது. மருமகனுக்கு அங்கேயே கோல் எடுத்தார். "எழுபது டொலருக்காக என்ட பேத்தியை லண்டன்ல வைச்சிட்டு நான் இங்க பெருநாள் கொண்டாட மாட்டன். ஒரே டிக்கட்டா எடுங்க மகன், மிச்சத்தை நான் தாறன்" என்றார்.

2024இல் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.